கார்டு வாங்குவீங்களா, அங்கிள்?

நேயர்களே, இன்று எனக்குச் சற்றுக் கோபம்.

எங்கள் பீடோர் கடைவீதியில் எனக்கு நாலு கடை தள்ளி வியாபாரம் செய்கிற நண்பர் ஒருவர் (பெயர் வேண்டாம், அவருடைய மனைவி நான் எழுதுவதை வாசிக்கிறவர்) தம்முடைய கல்லாவுக்கு மேலே, லட்சுமி படத்துக்குச் சற்றே கீழே, "கார்டு என்றால் 30 வெள்ளிக்கு மேல் மட்டும், அதற்கும் 1 வெள்ளி கூடுதல்" என்று மூன்று பாஷைகளில் அச்சடித்து ஒட்டியிருக்கிறார். அதைப் பார்த்தே எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவரிடம் சாமான் வாங்கி, அந்த ஒரு வெள்ளியையும் மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு என் கடைக்கு வந்த கோலாலம்பூர்க் குடும்பத்தில் ஒரு பெண்பிள்ளை, மிளகுத்தூள் பொட்டலத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே, "கார்டு வாங்குவீங்களா, அங்கிள்? நீங்களும் எக்ஸ்ட்ரா எடுப்பீங்களா?" என்று கேட்டாளே, அப்போதுதான் வந்தது.

அந்த 'நீங்களும்' என்பதில் இருக்கிறது வினை.

தாப்பாவுக்கும் சுங்கைக்கும் நடுவே கிடக்கிற எங்கள் ஊரை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமை பெறுவதற்கு முன்னால், ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே பழைய சாலையில் போகிற வாகனம் ஒவ்வொன்றும் எங்கள் கடைவீதியை ஊடுருவித்தான் போயாக வேண்டியிருந்தது. பிரயாணிகளின் பசியும் தாகமும் எங்களுக்குப் பூர்வீகச் சொத்துப்போல இருந்தன. நெடுஞ்சாலை வந்தபின், ஜம்பு என்கிற கொய்யாவுக்காகவும் வாத்து மீக்காகவும் கோழி பிஸ்கட்டுக்காகவும் மனம் வைத்து டோலில் இறங்கி வருகிறவர்களே எங்களுக்கு மிஞ்சிய வெளியூர் ஜனங்கள். அப்படிப் பிரியப்பட்டு வருகிறவர்களிடம் ஒரு வெள்ளியைப் பறித்துக்கொண்டு அனுப்பினால், அடுத்த தடவை அவர்கள் தாப்பாவிலேயே இறங்கிவிடுவார்கள் என்பது என் அபிப்பிராயம்.

(தாப்பாக்காரர்கள் மன்னிக்க. உங்கள் மேல் எனக்குக் குரோதம் இல்லை.)

நண்பரிடமே போய்க் கேட்டேன். அவர் சொன்ன சமாதானத்தை அவருடைய வாய்மொழியிலேயே தருகிறேன்:

"நீங்க ஒண்ணு, அண்ணே! நூறு வெள்ளிக்கு வித்தா பேங்க்காரன் அவன் பங்க வெட்டிக்கிட்டுத்தானே குடுக்கிறான்? சீனி, அரிசில நமக்கு என்ன நிக்குது? அதுலயும் அவனுக்குப் பங்கா?"

நியாயமான கேள்விதான். அரிசி, சீனி, சமையல் எண்ணெய் ஆகிய இவற்றில் மளிகைக்காரனுக்கு நிற்கும் லாபம் மிகச் சொற்பம் என்பதும், அந்தச் சொற்பத்திலிருந்தே வங்கியின் கழிவு போகிறது என்பதும் பிரத்தியட்சம். ஆனால் இந்தக் கழிவு எங்கிருந்து வருகிறது, யார் யாருக்குப் போகிறது என்று விசாரிக்காமலே கோபித்துக்கொள்கிறவர்கள்தாம் எங்களில் அதிகம். அட்டையை இயந்திரத்தின் மேல் தட்டியவுடன், கேள்வி எனக்கு இயந்திரம் கொடுத்த வங்கிக்குப் போய், அங்கிருந்து கட்டண வலையமைப்பின் வழியாக, வாடிக்கையாளருக்கு அட்டை கொடுத்த வங்கிக்குப் போய், "இருக்கிறது, கொடுக்கலாம்" என்ற பதிலோடு திரும்பி வருகிறது. இத்தனையும் நான் பொட்டலத்தைப் பையில் போடுகிற நேரத்துக்குள் நடந்து முடிகிறது. கழிவும் அந்த வழியிலேயே மூன்று பங்காகப் பிரிகிறது. பெரும்பாலும் பெரிய பங்கு, அட்டை கொடுத்த வங்கிக்கு. மற்றொன்று வலையமைப்புக்கு. எஞ்சியது என் வங்கிக்கு.

அந்தப் பெரிய பங்குக்குத்தான் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா உச்சவரம்பு கட்டியது. 2014 டிசம்பரில் சீர்திருத்த விதிகளை வெளியிட்டு, 2015 ஜூலை முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பயனாக, உள்நாட்டு டெபிட் அட்டைக்கு என் ஒப்பந்தப்படி நூறு வெள்ளிக்கு அரை வெள்ளிகூடப் போவதில்லை; கிரெடிட் அட்டைக்கு ஒரு வெள்ளிக்கு மேல் போகிறது; வெளிநாட்டு அட்டை என்றால் இன்னும் கொஞ்சம். ஆகவே "கார்டு" என்று எல்லாவற்றையும் ஒரே கணக்கில் தள்ளி எல்லோரிடமும் ஒரு வெள்ளி வசூலிக்கிற என் நண்பர், 40 வெள்ளிக்கு வாங்கி டெபிட் அட்டையைத் தட்டுகிற பிள்ளைத்தாய்ச்சியிடம் வங்கி கேட்காத தொகையையும் சேர்த்தே வாங்கிவிடுகிறார்.

இது கழிவா, வியாபாரமா?

இன்னொரு சூட்சுமமும் உண்டு. அதை என் சக கடைக்காரர்களுக்காகச் சொல்கிறேன்; மற்றவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். நம் நாட்டு வங்கிகள் கொடுக்கிற டெபிட் அட்டைகளில் பெரும்பாலானவற்றில் இரண்டு சின்னங்கள் இருக்கும்: ஒன்று விசா அல்லது மாஸ்டர்கார்டு, மற்றொன்று மைடெபிட். பணம் எந்த வழியாகப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை மேற்சொன்ன சீர்திருத்தம் வியாபாரிக்கே கொடுத்திருக்கிறது. வங்கிக்குப் போன் செய்து, "என் இயந்திரத்தில் மைடெபிட்டை முதலில் வையுங்கள்" என்று சொன்னால் போதும். அவர்களாக வந்து சொல்லமாட்டார்கள். நாமாகக் கேட்க வேண்டும்.

1950இல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் என்ற அட்டை புறப்பட்டபோது, அதை ஏற்றுக்கொண்ட உணவகங்களிடம் நூற்றுக்கு 7 கழித்தார்களாம். என் நண்பர் அக்காலத்தில் அவ்வூரில் உணவகம் நடத்தியிருந்தால் என்ன அறிவிப்பு ஒட்டியிருப்பாரோ!

இனி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கழிவைப் பற்றி அங்கலாய்க்கிற எங்கள் தலைமுறைக் கடைக்காரர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. மேலட்டையில் 555 என்ற எண் அச்சிட்ட, சட்டைப்பையில் அடங்கும் அந்தச் சிறு கணக்குப் புத்தகத்தை மறந்துவிட்டீர்களா? மலாய்க்காரர்கள் 'பூக்கு தீகா லீமா' என்பார்கள். நம்மவர்கள் 'மூணு அஞ்சு புக்கு' என்பார்கள். ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், மாதச் சம்பள நாளுக்கு முன்னால் கையில் காசு காண்பது அபூர்வமாயிருந்த தொழிலாளக் குடும்பங்களுக்கு, அரிசியும் பருப்பும் கருவாடும் மண்ணெண்ணெயும் அந்தப் புத்தகத்தின் வழியாகத்தான் வீடு வந்து சேர்ந்தன. ஒரு புத்தகம் கடையில், ஒரு புத்தகம் லயத்தில். சம்பளத்தன்று கிராணி கூப்பிட்டுக் கொடுத்த பணம், வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே கடைவாசலை மிதித்தது. பழைய பற்று தீர்ந்த அன்றைக்கே புதிய பற்று தொடங்கியது.

என் தகப்பனாரும் அப்படித்தான் கடை நடத்தினார். தயாள குணம் உள்ளவர், சந்தேகமே இல்லை. பிள்ளைப்பேறு, இழவு என்றால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சாமான் கொடுத்தனுப்புவார். ஆனாலும் நேயர்களே, பாசத்தை ஒருபுறம் ஒதுக்கி வைத்துப் பேசினால், அந்தப் புத்தகத்துக்குள் ஒரு கயிறும் இருந்தது. கடனுக்கு வாங்குகிறவர் விலை கேட்கமாட்டார், கேட்கக் கூசுவார். டவுனில் இரண்டு காசு மலிவாகக் கிடைத்தாலும், பாக்கி இருக்கிற கடையை விட்டுவிட்டு அடுத்த கடையில் கால் வைக்க அவருக்கு மனசாட்சி இடம் கொடாது. வைத்தாலும், அன்று சாயங்காலத்துக்குள் சங்கதி கடைக்காரர் காதுக்கு எட்டிவிடும். வாடிக்கை என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில் எவ்வளவு பங்கு அபிமானம், எவ்வளவு பங்கு நிர்ப்பந்தம் என்பதை யாரும் தராசில் நிறுத்துப் பார்த்ததில்லை.

கயிற்றின் மறுமுனை எங்கள் கழுத்தில் இருந்தது.

ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். சில தோட்டங்களை விற்று வீடமைப்புத் திட்டங்கள் எழுப்பினார்கள். லயங்கள் காலியாயின. ஜனங்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் சிங்கப்பூருக்கும் பெயர்ந்து போனார்கள். போகிறவர்களில் எத்தனையோ பேர் கடைசி வெள்ளிவரை தீர்த்துவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள். தீர்க்க முடியாமல் இரவோடு இரவாகப் போனவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு நா எழாது, வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோன மனிதர் மளிகைப் பாக்கிக்கு எங்கே போவார்? என் தகப்பனார் காலமானபின் பரணிலிருந்து இறக்கிய பிஸ்கட் டின் நிறைய அந்தப் புத்தகங்கள். கூட்டிப் பார்க்கலாம் என்று பென்சிலை எடுத்தேன். அம்மா, "வேண்டாம், மூடி வை" என்றார்.

மூடி வைத்தேன். ஆனால் கூட்டாமலே எனக்குத் தெரியும்: வங்கி இன்றைக்கு வெட்டுகிற கழிவைப்போல் பல மடங்கு, அந்த டின்னுக்குள் போயிருக்கிறது.

இப்பொழுது கிரெடிட் அட்டை நீட்டுகிறவரும் கடனுக்குத்தான் வாங்குகிறார். அவர் மாதக் கடைசியில் கட்டுவாரா, கட்டமாட்டாரா, வேலையை இழந்து ஊரை விட்டுப் போவாரா என்ற கவலையெல்லாம் அட்டை கொடுத்த வங்கிக்கு. எனக்குரிய பணம் அடுத்த வேலை நாளில் என் கணக்கில் விழுந்துவிடுகிறது. அந்தக் கவலையை வேறொருவர் தலைக்கு மாற்றிய கூலிதான் இந்தக் கழிவு என்று நினைத்துக்கொண்டால் வயிற்றெரிச்சல் பாதி அடங்கும். வாடிக்கையாளருக்கோ அதைவிடப் பெரிய அனுகூலம்: அவர் என்னிடம் கடன்படவில்லை. விலை அதிகம் என்று பட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். போகிறார்கள். (அந்தச் சுதந்திரத்தை நான் கொள்கையளவில் வரவேற்கிறேன், என் கடையிலிருந்து போகும்போது மட்டும் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.)

வங்கியின் கடன் மட்டும் கயிறு இல்லையா என்று கேட்பீர்கள். கயிறுதான், வட்டியும் கொழுத்த வட்டி. அதை ஒரு மளிகைக்காரன் தீர்த்து வைக்க முடியாது.

இயந்திரம் வந்த புதிதில் நடந்த கூத்துக்களைச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு நிறையாது. அப்பொழுது கையெழுத்துக் காலம். அட்டையின் பின்புறக் கையெழுத்தும் ரசீதின் கையெழுத்தும் ஒத்திருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டுமாம். கைநாட்டு வைத்துப் பழகிய கிழவியம்மாவின் கையெழுத்து ஒரு தடவை எழுதியதுபோல மறு தடவை எழுதினால் அல்லவா ஒத்துப் பார்ப்பதற்கு! 2017 ஜூலை முதல் கையெழுத்துக்குப் பதில் ஆறு இலக்க இரகசிய எண் என்று சட்டம் மாறியது. இரகசியம் என்பது வங்கியின் சித்தாந்தம். எங்கள் ஜனங்களுக்கு அப்படியொரு சம்பிரதாயமே கிடையாதே! கடை நிறைய ஆள் நிற்கும்போது, "தம்பி, எனக்குக் கண்ணு தெரியாதுப்பா, நீயே அமுக்கு" என்று ஆரம்பித்து, ஆறு எண்களையும் கோயில் ஒலிபெருக்கிக்குச் சமமான குரலில் ஒப்புவித்த பாட்டியை, "பாட்டி, மெதுவா, மெதுவா!" என்று நான் அடக்கப் போக, "என்ன தம்பி, காது கேக்கலியா?" என்று மறுபடியும் முதலிலிருந்து உரக்க ஒப்புவித்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். வரிசையில் நின்ற ஒரு சீனத் தவ்கே, "ஆயா, நான் கேட்கலை, நான் கேட்கலை" என்று நம் பாஷையிலேயே சொன்னார்.

இன்று 250 வெள்ளிவரை எண் இல்லாமலே தட்டிவிட்டுப் போகலாம் என்பதால் அந்தக் கச்சேரி அரிதாகிவிட்டது.

சில்லறை விஷயத்தில் ஒரு வேடிக்கை. 2008 ஏப்ரல் முதல் ஒரு காசு நாணயத்தின் புழக்கம் ஒழிந்து, மொத்தத் தொகையை ஐந்து காசுக்கு அண்மையாக்கிக்கொள்ளும் வழக்கம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அது ரொக்கத்துக்கு மட்டும். அட்டைக்கு உள்ளபடி உள்ளது. 17 வெள்ளி 98 காசு என்றால் ரொக்கத்துக்கு 18, அட்டைக்கு 17.98. இந்த இரகசியத்தைக் கண்டுபிடித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 98 என்று முடிந்தால் அட்டையையும் 92 என்று முடிந்தால் (அப்போது 17.90 தானே!) ரொக்கத்தையும் எடுப்பார். இரண்டு காசுக்காக அந்த மனிதர் படுகிற ஆனந்தத்தைப் பார்க்க நான் கழிவே கொடுக்கலாம்.

அட்டையைத் துரத்திக்கொண்டு கியூஆர் சதுரம் வந்தது. டூயிட்நவ் என்ற பெயரில் ரோஜா நிற அட்டையாக 2019 முதல் பரவி, நோய்த்தொற்றுக் காலத்தில் நோட்டைத் தொடவே ஜனங்கள் பயந்தபோது, வடை விற்கிற அக்காவரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இயந்திரம் வேண்டாம், வாடகை வேண்டாம், காகிதச் சுருள் வேண்டாம். 2023 அக்டோபரில் இதற்கும் கட்டணம் வரப்போகிறது என்று செய்தி கிளம்பி, நாடே அமளிப்பட்டு, பல வங்கிகள் சிறு வியாபாரிகளுக்கு விலக்குக் கொடுத்தபின் அடங்கியது. தமிழ்நாட்டில் இருக்கிற என் மைத்துனர், 2020 முதல் யுபிஐக்குக் கழிவே கிடையாது என்ற இந்திய அரசின் ஏற்பாட்டை என்னிடம் போனில் பிரஸ்தாபிக்காத தீபாவளி இல்லை. இருக்கட்டும், எங்கள் ஜம்பு அங்கே கிடைக்குமா?

கியூஆரில் ஒரே ஒரு ஜாக்கிரதை. "அனுப்பிட்டேன் அங்கிள்" என்று திரையைக் காட்டிவிட்டு நடையைக் கட்டுகிறவர்களில், பழைய படத்தைக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவருடைய திரையைப் பார்க்காதீர்கள். உங்கள் திரையைப் பாருங்கள். காலையில் கடை திறந்ததும் சதுரத்தின் மேல் வேறு சதுரம் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவியும் பாருங்கள்.

என் பாட்டனார் இருந்திருந்தால் இதையெல்லாம் கண்டு சிரித்திருப்பார். ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டை மூட்டையாகக் கட்டி வைத்திருந்து, 1945இல் ஒரே நாளில் அது வெறும் காகிதமானதைக் கண்ணால் கண்டவர் அவர். அதன்பின் எந்தக் காகிதத்தையும் முழுமையாக நம்பவில்லை. நிலத்தையும் பசுமாட்டையும் நம்பினார்.

அண்மையில் வந்த விசேஷம், அடையாள அட்டையே பண அட்டையானது. சாரா என்ற உதவித் திட்டத்தில், 2025 ஆகஸ்டு 31 முதல், வயது வந்த குடிமக்கள் எல்லோருக்கும் மைகார்டிலேயே 100 வெள்ளி வைத்தார்கள். பதிவு செய்துகொண்ட கடைகளில் அரிசி, முட்டை, ரொட்டி போன்ற அத்தியாவசியப் பொருள்களுக்கு அதைச் செலவழிக்க முடிந்தது. என் அபிப்பிராயத்தில் இது மேற்சொன்ன 555 புத்தகத்துக்கு நேர் எதிரான சங்கதி. அங்கே கடன், இங்கே கொடை. அங்கே கடைக்காரன் கைக்கணக்கு. இங்கே எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்பதை அரசாங்கத்தின் பட்டியல் தீர்மானிக்கிறது. தோட்டத்துப் பாட்டிகளில் ஒருவர் அரிசியை எடுத்து வைத்துவிட்டு, வெற்றிலையையும் பாக்கையும் காட்டி, "இதையும் அதுல சேத்துடு, அரசாங்கத்துக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். தெரியும் பாட்டி, பட்டைக் கோட்டைப் பார்த்தால் அதற்குத் தெரிந்துவிடும் என்று விளக்க எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

2011இல் பேங்க் நெகாரா எழுதிய பத்தாண்டுத் திட்டத்தில், ஆயிரம் பேருக்கு 7 என்றிருந்த கார்டு இயந்திரங்களை 2020க்குள் 25 ஆக்க வேண்டும் என்று குறித்திருந்தார்கள். எங்கள் கடைவீதியில் ஒரு நடை நடந்தால் அவர்கள் நினைத்தது நடந்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் அதே வீதியின் ஓரத்தில், மலையிலிருந்து இறங்கிவந்து பெத்தாய்க் காய்க் கட்டுகளைப் பரப்பி உட்கார்ந்திருக்கிற செமாய்ப் பழங்குடி ஜனங்களிடம் இயந்திரமும் இல்லை, சதுரமும் அபூர்வம்; அவர்கள் ஊர்ப் பக்கம் போனில் அலை பிடிப்பதே பாடு. என் கடைக்குப் பெத்தாய் அவர்களிடந்தான் வாங்குகிறேன். ரொக்கந்தான் கொடுக்கிறேன். ஆகவே காலையில் அட்டையில் வாங்கிய வருமானத்தில் ஒரு பகுதியை, மத்தியானம் வங்கி இயந்திரத்தில் நோட்டாக எடுத்து வந்து வைத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது.

நண்பரின் அறிவிப்புக்கு வருகிறேன். இயந்திரம் வாங்கும்போது நாம் எல்லோரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கச் சொன்னேன். கார்டுக்குக் கூடுதல் வாங்கக்கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. ரொக்கத்துக்குத் தள்ளுபடி கொடுக்கத் தடையில்லை. "அப்படின்னா, எல்லா விலையையும் ஒரு வெள்ளி ஏத்திட்டு, காசு குடுக்கிறவனுக்கு ஒரு வெள்ளி குறைச்சிட்டா?" என்று கேட்டார். மூளைசாலி. அதற்கு நான் பதில் சொல்லவில்லை; அவருடைய மனைவிதான் சொன்னார். மறுநாள் அறிவிப்பில் கடைசி வரி கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தது. 30 வெள்ளி நிபந்தனை இன்னும் தொங்குகிறது. பேச்சுவார்த்தை நடக்கிறது.

தீபாவளிக்கு ஊர் திரும்புகிற வழியில் பீடோரில் இறங்குகிறவர்கள் என் கடையில் ஐந்து வெள்ளிக்கு வாங்கினாலும் தட்டிவிட்டுப் போகலாம். பெத்தாய்க்கு மட்டும் சில்லறை நோட்டாகக் கொண்டுவாருங்கள். செமாய்க்காரரிடம் நூறு வெள்ளித் தாளை நீட்டினால், மாற்றிக் கொடுக்கச் சொல்லி அவர் என்னிடந்தான் ஓடி வருவார், என்னிடமும் இருக்காது.